பாற் சொக்கலேற்றும் ஒன்றரைக் குவளைப் பாலும்



எமது பாடசாலையிலே ஒருநாள் இடைவேளை வேளையில் ஒரு சிறுவன் தன் உணவுப் பெட்டியைத் திறந்தான். அதனுள்ளே பிட்டும் இல்லை, சோறும் இல்லை. பாற் சொக்கலேற் கட்டி ஒன்றே இருந்தது. இரண்டு மூன்று நாட்கள் இவ்வாறே நிகழவே, அவனுடைய தாயாரை அழைத்து விசாரித்தேன். "ஐயா, பிள்ளை பால் குடிக்கிறான் இல்லை. அதுதான் இதைக் குடுத்து விடுறன். இதுவும் பால்தானே?" என்றார் அவர்.

அந்தத் தாயாரிடத்தே யான் குறை காணவில்லை. "இதுவும் பால்தானே" என்பது அவர் தாமாகக் கண்ட முடிபன்று. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக உலகத்தாருக்குக் கற்பிக்கப்பட்டு வந்த பாடம். அப்பாடம் எங்ஙனம் தோன்றியது, அதில் உண்மை எவ்வளவு என்பனவற்றை இன்று ஆராய்வோம்.

நம் நாட்டிலே மாத்தளைப் பகுதியில் வளரும் கொக்கோ மரத்தின் தாயகம் அமெரிக்கக் கண்டமாகும். மெக்சிக்கோவில் வாழ்ந்த அசுத்தேக்கர் அதன் விதையை வறுத்தரைத்து, மிளகாய் முதலியன கூட்டி, நுரை பொங்கும் கசப்புப் பானமாகப் பருகினர். அதிலே பாலும் இல்லை, கரும்புச் சீனியும் இல்லை. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் வழியாக ஐரோப்பாவை அடைந்தபின்னரே அப்பானம் சீனியோடு உறவு கொண்டது. 1753இல் தாவரங்களுக்குப் பெயர் வகுத்த சுவீடன் தேசத்து அறிஞர் லின்னேயசு, இம்மர இனத்துக்குத் "தேவர்களின் உணவு" எனப் பொருள்படும் கிரேக்கப் பெயரைச் சூட்டினார்.

கொக்கோ விதையிற் பாதியளவு கொழுப்பாகும். 1828இல் ஒல்லாந்து தேசத்து வான் ஊட்டன் குடும்பத்தார் அக்கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் முறைக்கு உரிமை பெற்றனர். பிழிந்தெடுத்த கொழுப்பைக் கொக்கோவுடனும் சீனியுடனும் மீண்டும் கலந்து, கடித்து உண்ணத்தக்க கட்டியை 1847இல் இங்கிலாந்தின் பிறிஸ்டல் நகரத்து ஃபிரை கம்பனியார் வார்த்தனர். ஆயினும், அது பாலில்லாத கட்டியே.

பாலைச் சேர்ப்பது எளிதாயிருக்கவில்லை. பாலில் ஏறத்தாழ நூற்றுக்கு 87 பங்கு நீர். கொக்கோவிலோ கொழுப்பு மிகுதி. நீரும் கொழுப்பும் ஒன்றோடொன்று இணங்கா. இணங்கினாலும், நீர் எஞ்சி நின்றால் கட்டி பூஞ்சணம் பிடிக்கும். சுவிற்சர்லாந்தின் வெவே நகரிலே மெழுகுவர்த்தித் தொழில் செய்து, பின்னர் சொக்கலேற் தொழில் நடத்திய குடும்பத்திலே பெண்கொண்ட டானியல் பீற்றர் என்பார், பல ஆண்டு முயற்சியின் பின், நீரை வற்றச்செய்த பாலைக்கொண்டு 1875இல் பாற் சொக்கலேற்றை ஆக்கினார். பின்னர் தமது பண்டத்துக்கு அவர் இட்ட பெயரிலும் பாலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே முன் நின்றது. பாலின் பெயரால் இனிப்பை விற்கும் வழக்கம் இவ்வாறு தொடக்கத்திலேயே வேரூன்றிவிட்டது.

1905இல் இங்கிலாந்தின் கட்பெரி கம்பனியார், பால் மிகுதியாகச் சேர்ந்த தம் கட்டியை வெளியிட்டனர். அரை இறாத்தல் கட்டியிலே ஒன்றரைக் குவளைப் பால் அடங்கியுள்ளது என்னும் அவர்களது விளம்பரம் 1928இல் தோன்றிப் பெரும் புகழ் பெற்றது. அக்கூற்றுப் பொய்யன்று. ஆனால், அந்தப் பாலோடு கூடவே வருபவை யாவை என்பதை அது கூறவில்லை.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க அறிஞர் அற்வாற்றர், உணவுகள் உடலுக்குத் தரும் சக்தியை அளந்து, ஒரு கிராம் புரதத்துக்கும் ஒரு கிராம் காபோவைதரேற்றுக்கும் நான்கு நான்கு கலோரி, ஒரு கிராம் கொழுப்புக்கு ஒன்பது கலோரி என வகுத்தார். சாதாரண பாற் சொக்கலேற் 100 கிராமில் காபோவைதரேற்று ஏறத்தாழ 59 கிராம், கொழுப்பு 30 கிராம், புரதம் ஏழரைக் கிராம் உள்ளன. பெருக்கிக் கூட்டினால் 535 கலோரி அளவில் வரும். காபோவைதரேற்றில் 50 கிராமுக்கு மேற்பட்டது வெல்லமே. அதிற் சிறு பங்கு பாலுக்கு இயல்பாயுள்ளது. பெரும் பங்கு சேர்க்கப்பட்ட சீனி.

இக்கணக்கின்படி, ஒன்றரைக் குவளைப் பாலைப் பெறவேண்டி ஒரு பிள்ளை அரை இறாத்தல் கட்டி முழுவதையும் உண்டால், கூடவே 115 கிராம் அளவான வெல்லத்தையும் 1200 கலோரியையும் உட்கொள்கின்றது. அச்சிறுவனின் பெட்டியில் இருந்ததைப் போன்ற 45 கிராம் கட்டியிலோ மூன்றிலொரு குவளைப் பால்கூட இல்லை.

இந்த வேறுபாட்டை அரசாங்கங்கள் நன்கு அறிந்திருந்தன. 1937இல் அமெரிக்க இராணுவம் போர்வீரர்க்கு அவசரகால உணவாக நான்கு அவுன்சு சொக்கலேற் கட்டியை ஹேர்ஷி கம்பனியாரைக் கொண்டு ஆக்குவித்தது. 600 கலோரி கொண்ட அக்கட்டி, வேறு உணவு கிடையாதவிடத்து உயிர் காக்கும் பொருட்டு அமைந்தது. சிறிய பாரத்திலே பெருஞ் சக்தி என்பதே அதன் சிறப்பு. பிரித்தானியாவிலோ, 1940இல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் கர்ப்பிணித் தாய்மாருக்கும் குறைந்த விலையிலும் இலவசமாகவும் பால் வழங்கும் திட்டம் தொடங்கியது. அடுத்த ஆண்டிலே, சொக்கலேற் செய்வதற்குப் புதுப்பாலைப் பயன்படுத்தலாகாதென அரசு தடுத்தது. புகழ்பெற்ற அந்தப் பாற்கட்டி கடைகளிலிருந்து மறைந்தது. பால் அரிதான காலத்திலே, பிள்ளைக்கு உரிய பால் குவளையிலே இருக்கவேண்டும், கட்டியிலே அன்று என ஒரு நாடு தீர்மானித்தது. "இதுவும் பால்தானே" என்னும் வினாவுக்கு வரலாறு தரும் விடை இதுவே.

போர்க்களத்து வீரனுக்கு வேண்டியது, நாடோறும் வாங்கிலிருந்து படிக்கும் பிள்ளைக்கு வேண்டியதன்று. சேர்க்கப்பட்ட சீனி முதலியவற்றால் வரும் சக்தி, நாளொன்றின் மொத்தச் சக்தியிற் பத்திலொரு பங்குக்குக் குறைவாக இருத்தல் வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2015இல் அறிவுறுத்தியது. சிறு பிள்ளையொன்றுக்கு, 45 கிராம் கட்டி ஒன்றே அவ்வளவிற் பாதியை எட்டிவிடும்.

சொக்கலேற்றை நஞ்செனக் கூறுவது என் கருத்தன்று. திருநாளிலோ பிறந்தநாளிலோ, உணவு உண்டபின் ஒரு துண்டைப் பிள்ளை சுவைத்து மகிழட்டும். ஆனால், அதனை இனிப்பு என்றே சொல்லிக் கொடுப்போம். பால் என்று சொல்லிக் கொடுக்கவேண்டாம். பாலை வெறுக்கும் பிள்ளைக்குத் தயிர் உண்டு, முட்டை உண்டு, முள்ளோடு உண்ணத்தக்க நெத்தலி உண்டு, கீரை உண்டு. அந்தத் தாயாருக்கும் இதனையே கூறினேன். கட்டியின் உறையைத் திருப்பி, பின்புறத்திலே சிறிய எழுத்திலுள்ள எண்களை இருவருமாக வாசித்தோம். முகப்பிலே பால் வழிந்தோடும் படம் இருந்தது. பின்புறத்திலே வெல்லத்தின் அளவு இருந்தது.

சில நாட்களின் பின் அச்சிறுவனின் பெட்டியைப் பார்த்தேன். பிட்டும் பொரித்த முட்டையும் இருந்தன. அவன் முகத்திலே முன்னைய மகிழ்ச்சி இல்லைதான். எனினும், பெட்டி வெறுமையாகவே வீடு திரும்பிற்று.