வணிகப் பள்ளி நுழைவுக்கான முதலாண்டுப் பாடத் தேர்வு

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் படிப்பில் சேர்ந்த மாணவர், அதே பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளியில் பின்னர் இடம் பெறுவதற்காக முதலாண்டில் எந்தப் பாடங்களை எந்த வரிசையில் எடுப்பது என்று திட்டமிடுவதே வணிகப் பள்ளி நுழைவுக்கான முதலாண்டுப் பாடத் தேர்வு எனப்படுகிறது. தமிழ்நாட்டில் பி.காம். அல்லது பி.பி.ஏ. சேரும் மாணவருக்குக் கல்லூரியில் சேரும்போதே துறை முடிவாகிவிடும். அமெரிக்காவின் பல பல்கலைக்கழகங்களில் அப்படியில்லை. அங்கே பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பது ஒன்று, வணிகப் பள்ளியில் இடம் கிடைப்பது வேறு. இரண்டாவது இடத்தைப் பெரும்பாலும் முதலாண்டுப் பாடங்களில் எடுக்கும் மதிப்பெண்களே தீர்மானிக்கின்றன.

வரலாறு

அமெரிக்காவில் பல்கலைக்கழக அளவிலான முதல் வணிகப் பள்ளி 1881இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அதற்கு நிதியளித்த தொழிலதிபர் ஜோசஃப் வார்ட்டனின் பெயரையே அது தாங்கியிருக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 1898இல் வணிகக் கல்லூரி உருவானது. அதுவே இன்றைய ஹாஸ் வணிகப் பள்ளி. 20ஆம் நூற்றாண்டின் முதல் கால் பகுதியில் வாஷிங்டன் (1917), இந்தியானா (1920), வர்ஜீனியா (1921), மிச்சிகன் (1924) ஆகிய மாநிலப் பல்கலைக்கழகங்களும் வணிகப் பள்ளிகளை நிறுவின.

இவற்றில் பல ‘இரண்டு கூட்டல் இரண்டு’ முறையைப் பின்பற்றின. மாணவர் முதல் இரண்டு ஆண்டுகளைக் கலை, அறிவியல் கல்லூரியில் கழிப்பார். வணிகப் பள்ளி மூன்றாம் ஆண்டில்தான் அவரைச் சேர்த்துக்கொள்ளும். வணிகம் கற்குமுன் வரலாறு, இலக்கியம், அறிவியல் ஆகியவற்றில் மாணவருக்குப் பரந்த பயிற்சி வேண்டும் என்பது இதன் அடிப்படை. 1959இல் வெளிவந்த இரண்டு ஆய்வறிக்கைகள் இந்த எண்ணத்துக்கு வலுச்சேர்த்தன. ஃபோர்டு அறக்கட்டளைக்காக ராபர்ட் கார்டனும் ஜேம்ஸ் ஹவலும் ஓர் அறிக்கையை எழுதினர். கார்னகி நிறுவனத்துக்காக ஃபிராங்க் பியர்சன் மற்றொன்றை எழுதினார். வணிகக் கல்வி வெறும் தொழிற்பயிற்சியாகச் சுருங்கிவிட்டது என்று இரண்டும் குறைகூறின. கணிதத்துக்கும் பொதுக்கல்விக்கும் கூடுதல் இடம் கேட்டன. வணிகப் பள்ளியில் சேருமுன் முடிக்க வேண்டிய முன்தேவைப் பாடங்களின் இன்றைய பட்டியல்களில் கால்குலஸும் (நுண்கணிதம்) புள்ளியியலும் அழுத்தமாக இடம்பெற்றிருப்பதில் அந்த விவாதத்துக்குப் பங்குண்டு.

சேர்க்கை முறைகள்

வணிகப் பள்ளிச் சேர்க்கையை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, நேரடிச் சேர்க்கை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வரும்போதே வணிகப் பள்ளியில் இடம் உறுதியாகிவிடும். வார்ட்டன் இந்த வகையைச் சேர்ந்தது.

இரண்டாவது, இடைநிலைச் சேர்க்கை. மாணவர் பல்கலைக்கழகத்தில் ஓராண்டோ இரண்டாண்டோ படித்து, முன்தேவைப் பாடங்களை முடித்தபின் விண்ணப்பிப்பார். முதலாண்டுப் பாடத் தேர்வு இவருக்குத்தான் மிக முக்கியம்.

மூன்றாவது, கலப்பு முறை. இந்தியானாவின் கெல்லி பள்ளியும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஃபாஸ்டர் பள்ளியும் சிலரை நேரடியாகச் சேர்க்கின்றன, மற்றவர்களுக்கு முதலாண்டுக்குப் பிறகு வாய்ப்பளிக்கின்றன. ஒரே வகுப்பில் ஒரே கணக்கியல் பாடத்தைப் படிக்கும் இருவரில் ஒருவருக்கு இடம் ஏற்கெனவே கையில் இருக்கும். மற்றவருக்கு அந்தப் பாடமே நுழைவுத் தேர்வாக இருக்கும்.

முன்தேவைப் பாடங்கள்

பட்டியல் பள்ளிக்குப் பள்ளி மாறினாலும் ஐந்து துறைகள் ஏறக்குறைய எங்கும் வருகின்றன.

கணிதம்: பெரும்பாலான பள்ளிகள் கால்குலஸ் கேட்கின்றன. பொறியியல் மாணவருக்கான கால்குலஸும் வணிக மாணவருக்கான கால்குலஸும் தனித்தனிப் பாடங்கள். வணிகக் கால்குலஸ் முக்கோணவியலைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, இறுதிநிலைச் செலவு, பெரும இலாபம் போன்ற கணக்குகளில் கவனம் செலுத்துகிறது. எந்தப் பள்ளி எதை ஏற்கும் என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். பின்னாளில் பொறியியலுக்கோ பொருளியல் முதன்மைப் பாடத்துக்கோ மாற நினைப்பவருக்கு வணிகக் கால்குலஸ் போதாமல் போகலாம். இந்தியானாவில் இதோடு நிகழ்தகவும் அணிகளும் அடங்கிய ‘ஃபைனைட் மேத்’ என்ற பாடமும் உண்டு.

பொருளியல்: நுண்ணினப் பொருளியல் முதலிலும் பேரினப் பொருளியல் அடுத்தும் வருவது வழக்கம். சில இடங்களில் இரண்டையும் இணைத்த ஒரே பாடம் உண்டு.

கணக்கியல்: நிதிக் கணக்கியலை முடித்தால்தான் மேலாண்மைக் கணக்கியலுக்குப் போக முடியும். பற்று, வரவு தெரியாதவர்களுக்கு வேகமாக நகரும் பாடம் இது. பல பள்ளிகளில் இதை இரண்டாம் ஆண்டுக்கு வைக்கிறார்கள்.

புள்ளியியல்: கால்குலஸோ கல்லூரி இயற்கணிதமோ இதற்கு முன்தேவையாக இருக்கும்.

எழுத்துப் பயிற்சி: முதலாண்டு ஆங்கிலக் கட்டுரைப் பாடம் கட்டாயம். கணக்கில் தேர்ந்து எழுத்துப் பாடத்தில் பின்தங்கும் வெளிநாட்டு மாணவர்கள் கவனம் வைக்க வேண்டிய இடம் இது.

பாட வரிசை

பாடங்கள் ஒன்றோடொன்று சங்கிலியாகக் கோக்கப்பட்டிருப்பதால், எதைப் படிப்பது என்பதைவிட எப்போது படிப்பது என்பதே பெரும்பாலும் சிக்கலாகிறது. முதலாண்டின் இறுதியில் விண்ணப்பம் என்று வைத்துக்கொள்வோம். முதல் செமஸ்டருக்கு முன் எழுதும் கணிதத் தரநிலைத் தேர்வில் ஒரு மாணவர் குறைவாக எடுத்து, கால்குலஸுக்கு முந்தைய நிலைப் பாடத்தில் சேர்க்கப்படுகிறார். அவர் கால்குலஸை இரண்டாம் செமஸ்டரில்தான் எடுக்க முடியும். அதில் தடுக்கினால் மறுபடி எடுக்க நேரமிருக்காது. கோடைப் பருவ வகுப்பு ஒன்றே மிச்சம். பல பல்கலைக்கழகங்கள் ‘அலெக்ஸ்’ என்ற கணினிவழித் தேர்வைத் தரநிலை பார்க்கப் பயன்படுத்துகின்றன. விளையாட்டாக எழுதிவிடும் அந்தத் தேர்வே ஓராண்டுத் திட்டத்தை மாற்றிவிடக்கூடும்.

கெல்லி பள்ளியில் சங்கிலியின் மறுமுனையைப் பார்க்கலாம். அங்கே நிதி, சந்தைப்படுத்தல், செயல்பாடுகள், தலைமைத்துவம் ஆகிய நான்கு பாடங்களையும் ‘ஐ-கோர்’ என்ற பெயரில் ஒரே செமஸ்டரில் சேர்த்தே படிக்க வேண்டும். முன்தேவைகளில் ஒன்று முடியாவிட்டாலும் நான்கும் அடுத்த செமஸ்டருக்குத் தள்ளிப்போகும்.

பள்ளியிலேயே ஏபி எனப்படும் கல்லூரி நிலைத் தேர்வு எழுதி நல்ல மதிப்பெண் பெற்றவர் சில பாடங்களைத் தாண்டிச் செல்லலாம். ஆனால் ஏபி கிரெடிட்டுக்கு (பாட அலகு) ‘ஏ’, ‘பி’ போன்ற எழுத்து மதிப்பெண் கிடையாது. ஜிபிஏ எனும் மதிப்பெண் சராசரிக் கணக்கில் அது சேராது. எளிதில் ‘ஏ’ பெறக்கூடிய பாடத்தைத் தாண்டிவிட்டு, அதைவிடக் கடினமான அடுத்த பாடத்தில் ‘பி’ வாங்குவது இலாபமா நட்டமா என்று ஆலோசகரிடம் கேட்டு முடிவெடுப்பது வழக்கம்.

மதிப்பெண் கணக்கு

அமெரிக்க ஜிபிஏ 4 புள்ளி அளவில் கணக்கிடப்படுகிறது: ‘ஏ’ 4, ‘பி’ 3, ‘சி’ 2, ‘டி’ 1. ஒவ்வொரு மதிப்பும் அந்தப் பாடத்தின் கிரெடிட்டால் பெருக்கப்படும். பல பள்ளிகள் மொத்த ஜிபிஏவோடு முன்தேவைப் பாடங்களின் ஜிபிஏவையும் தனியாகப் பார்க்கின்றன.

4 கிரெடிட் கால்குலஸில் ‘பி’, தலா 3 கிரெடிட் கொண்ட பொருளியலிலும் எழுத்துப் பாடத்திலும் ‘ஏ’ வாங்கியவருக்கு 10 கிரெடிட்டில் 36 புள்ளிகள், ஜிபிஏ 3.6. கால்குலஸில் மட்டும் ‘சி’ ஆகியிருந்தால் 32 புள்ளிகள், ஜிபிஏ 3.2. கிரெடிட் அதிகமுள்ள பாடமே கணக்கை அதிகம் அசைக்கிறது. முன்தேவைப் பாடங்களைத் ‘தேர்ச்சி / தோல்வி’ முறையில் எடுத்தால் பொதுவாக ஏற்பதில்லை. திரும்ப எடுத்த பாடத்தில் பழைய மதிப்பெண்ணை நீக்குவதா, இரண்டையும் சேர்ப்பதா என்பதிலும் பள்ளிகள் வேறுபடுகின்றன.

வெளிநாட்டு மாணவர்

எஃப்-1 விசாவில் உள்ள இளநிலை மாணவர் வழக்கமான செமஸ்டரில் குறைந்தது 12 கிரெடிட் படிக்க வேண்டும். அந்த 12இல் ஓர் இணையவழிப் பாடம் மட்டுமே, 3 கிரெடிட் வரை, கணக்கில் வரும். 13 கிரெடிட் எடுத்தவர் ஜிபிஏவைக் காப்பாற்ற 4 கிரெடிட் கால்குலஸை நடுவில் கைவிட்டால் 9 கிரெடிட்தான் மிஞ்சும். பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலரிடம் முன் அனுமதி பெறாமல் இப்படிச் செய்வது விசா நிலையைப் பாதிக்கும். எனவே முதல் செமஸ்டரில் 16 கிரெடிட் அளவுக்குப் பதிவுசெய்துகொள்வது பாதுகாப்பு.

தமிழ்நாட்டில் பிளஸ் 2வில் வணிகக் கணிதமும் புள்ளியியலும் படித்தவர், அணிகளையும் வகைநுண்கணிதத்தையும் ஏற்கெனவே பார்த்திருப்பார். தரநிலைத் தேர்வை அவர் ஒரு மறுவாசிப்புக்குப் பின் எழுதினால், கால்குலஸில் நேரடியாகச் சேர வாய்ப்பு அதிகம்.

கல்லூரி மாற்றம்

செலவைக் குறைக்க முதல் இரண்டு ஆண்டுகளைச் சமுதாயக் கல்லூரியில் படித்துவிட்டு மாறுவோரும் உண்டு. கலிஃபோர்னியாவில் எந்தக் கல்லூரியின் எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகப் பாடத்துக்கு ஈடு என்பதை ‘அசிஸ்ட்’ என்ற பொதுத் தளம் காட்டுகிறது. வாஷிங்டன் மாநிலத்தில் வணிகப் படிப்புக்கென்றே கல்லூரி மாற்ற ஒப்பந்தப் பட்டம் இருக்கிறது. பாடத்தின் பெயர் ஒன்றாக இருப்பது மட்டும் போதாது. ஈடு என்று பட்டியலில் இருக்க வேண்டும்.

விமர்சனமும் மாற்றமும்

பரந்த கல்விக்காக ஒதுக்கப்பட்ட ஆண்டுகள் நாளடைவில் நீண்ட நுழைவுத் தேர்வாகிவிட்டன என்பதே இந்த முறையின் மீதான முக்கிய விமர்சனம். மதிப்பெண் குறையுமோ என்ற பயத்தில் மாணவர் தத்துவத்தையோ வேதியியலையோ தொடுவதில்லை. இடம் கிடைக்காதவர் இரண்டாம் ஆண்டில் வேறு துறை தேட வேண்டியிருக்கிறது.

அண்மை ஆண்டுகளில் பள்ளிகள் சேர்க்கையை முன்னுக்குத் தள்ளிவருகின்றன. மிச்சிகனின் ராஸ் பள்ளி 2017இல் நான்காண்டுப் படிப்புக்கு மாறியது. ஹாஸ் பள்ளி 2022இல் அறிவிக்கப்பட்ட 3 கோடி டாலர் நன்கொடையின் துணையோடு, 2024இல் முதலாண்டு மாணவர்களை நேரடியாகச் சேர்க்கத் தொடங்கியது. வர்ஜீனியாவின் மக்கின்டயர் பள்ளியும் இரண்டாண்டுப் படிப்பை மூன்றாண்டாக நீட்டியது. இதன் மறுபக்கம், 17 வயதிலேயே துறையை முடிவுசெய்ய வேண்டிய கட்டாயம். முதலாண்டின் நடுவில் மனம் மாறி வணிகத்துக்கு வர விரும்புபவருக்கு ராஸ் பள்ளி உள்மாற்ற வழியை இன்றும் வைத்திருக்கிறது. அதற்கு அது கேட்பவையும் பழைய முன்தேவைகளே: கால்குலஸ், பொருளியல், எழுத்துப் பயிற்சி.