சியாமாசெட்டி: ஒரு சிறு எந்திரத்தின் வரலாறு

1980களின் பிற்பகுதி. நான் பணியாற்றிய நாளிதழின் ஆசிரியபீடத்துக்குத் தொலைபேசி வழியே வந்துசேரும் செய்திகளில் புதிய பெயரொன்று அடிக்கடி தலைகாட்டத் தொடங்கியிருந்தது. ‘சியாமாசெட்டி குண்டு வீசியது’, ‘இரண்டு சியாமாசெட்டிகள் வட்டமிட்டன’ என்று நிருபர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வோம். அச்சுப்படி திருத்துவதற்குப் புதிதாகச் சேர்ந்திருந்த இளைஞர் ஒருவர், “ஐயா, யார் இந்தச் செட்டியார்?” என்று கேட்டார். அறையிலிருந்த எல்லோரும் சிரித்துவிட்டோம். அச்செய்தியின் அடுத்த பத்தியில் இறந்தோரின் பெயர்கள் இருந்தன. சிரிப்பு அதிக நேரம் நிலைக்கவில்லை.

அண்மையில் கனடாவில் வாழும் வாசகர் ஒருவர் ஏறத்தாழ அதே கேள்வியை மின்னஞ்சலில் கேட்டிருந்தார். திருகோணமலையில் பிறந்த அவருடைய தந்தையார், சிறு விமானம் ஒன்றின் ஒலி கேட்டால் இன்றும் அச்சொல்லை முணுமுணுப்பாராம். பேரப்பிள்ளைகள் பொருள் கேட்கிறார்கள். சொல்லத் தெரியவில்லை என்று எழுதியிருந்தார். அவருக்கான மறுமொழியே இக்கட்டுரை.

‘சியாய் மார்க்கெட்டி’ என்பது இத்தாலிய விமான நிறுவனம் ஒன்றின் பெயர். 1915இல் தோன்றிய அந்நிறுவனத்தின் பெயரிலுள்ள முதலெழுத்துகள், வட இத்தாலியக் கடல்விமானச் சங்கம் என்ற பொருளைத் தருபவை. மார்க்கெட்டி என்பது அதன் புகழ்பெற்ற வடிவமைப்பாளரின் குடும்பப் பெயர். இத்தாலியர் ‘கெ’ என ஒலிப்பதை ஆங்கில எழுத்தின்படி ‘செ’ என்று வாசித்தோம். மார்க்கெட்டி மார்ச்செட்டியாகி, மக்கள் நாவில் செட்டியாகவே நிலைபெற்றுவிட்டது.

அந்த விமானம் கொல்வதற்காகப் பிறந்ததன்று. ஸ்டெலியோ ஃபிராத்தி என்ற இத்தாலியப் பொறியாளர், பொழுதுபோக்காகப் பறப்போருக்கும் வானில் வித்தை காட்டுவோருக்கும் உகந்த இலகு விமானமாக அதை வரைந்தார். அதன் முதல் வடிவம் 1964 ஜூலையில் பறந்தது. எஸ்.எப்.260 என்ற பெயரின் முதலிரண்டு எழுத்துகள் அவருடைய பெயரைக் குறிப்பவை. 260 குதிரைவலுக் கொண்ட லைகோமிங் ஓ-540 என்னும் பெற்றோல் எந்திரம் அதில் இருந்தது. மோட்டார் வாகனத்தில் இருப்பதைப் போன்றே, உருளைகளுக்குள் ஆடுதண்டுகள் முன்னும் பின்னும் இயங்கும் எந்திரம் அது.

1980இல் அதே உடலில் வேறோர் இதயம் பொருத்தப்பட்டது. அமெரிக்காவின் அலிசன் நிறுவனம் 1950களின் இறுதியில் உருவாக்கிய ‘250’ என்னும் சிறு விசையாழி எந்திரமே அது. காற்றை உறிஞ்சி அமுக்கி, அதில் மண்ணெண்ணெய் வகை எரிபொருளைத் தெளித்து எரித்து, வெளிப்படும் சூடான வாயுவால் விசையாழிகளைச் சுழற்றுவது இதன் முறை. உள்ளே அமுக்கியை இயக்கும் பகுதி நிமிடத்துக்கு ஏறத்தாழ 50,000 சுற்றுகள் சுழலும். அந்த வேகத்தில் விமானத்தின் முன்விசிறி தாங்காது. ஆகவே வேறொரு விசையாழியின் சுழற்சியைப் பற்சக்கரங்களால் ஏறத்தாழ 2,000 சுற்றுகளாகக் குறைத்து விசிறிக்குக் கொடுப்பர். விசையாழியும் விசிறியும் சேர்ந்த இவ்வமைப்பையே டர்போபுரொப் என்கிறோம்.

இதன் எடை சுமார் 90 கிலோகிராம். பழைய பெற்றோல் எந்திரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி. வலுவோ 350 குதிரைகளாக உயர்ந்தது. சிறிய நாடுகளில் எளிதில் கிடைக்காத விமானப் பெற்றோல் வேண்டியதில்லை. பயணிகள் ஜெட் விமானத்துக்கு ஊற்றும் எரிபொருளே போதும். குறைகளும் உண்டு. விலை பன்மடங்கு, தாழப் பறக்கும்போது எரிபொருளை மிகுதியாகக் குடிக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் இன்பத்துக்காகப் பறப்பவருக்கு இது கட்டுப்படியாகாது. செலவைப் பாராத வாங்குநர் ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் அரசாங்கம்.

இலங்கை விமானப்படை 1985இல் எஸ்.எப்.260 ரி.பி. எனப்பட்ட இந்த டர்போபுரொப் விமானங்களைப் பெற்றது. ஏட்டில் அவை பயிற்சி விமானங்கள். இறக்கைகளின் கீழே உந்துகணைகளையும் குண்டுகளையும் தொங்கவிட்டபின், பயிற்சி என்ற சொல்லுக்குப் பொருளில்லாமற் போயிற்று. 1987 மே மாதத்து வடமராட்சிப் படை நடவடிக்கையில் அவற்றின் பெயர் யாழ்ப்பாணமெங்கும் பரவியது. பீப்பாய்க் குண்டுகளை உருட்டித் தள்ளிய போக்குவரத்து விமானத்தைச் ‘சகடை’ என்றும், இதைச் ‘சியாமாசெட்டி’ என்றும் ஒலியை வைத்தே குழந்தைகள் பிரித்தறிந்தார்கள்.

அதற்கு முன்னரே அவ்வெந்திரத்தின் குடும்பம் இலங்கைக்கு அறிமுகமாகியிருந்தது என்பதுதான் விந்தை. விமானப்படையின் பெல் 206 உலங்குவானூர்திகளில் இருந்ததும் அலிசன் 250 வகையே. அவ்வானூர்திகளை வைத்திருந்த அணி, 1972 முதல் ‘ஹெலிடுவர்ஸ்’ என்ற பெயரில் வெளிநாட்டு உல்லாசப் பயணிகளை ஏற்றிப் பறந்தது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பயணிகள் போய்விட்டார்கள், குண்டுகள் வந்துவிட்டன.

திருகோணமலைக்கு வருவோம். வாசகரின் தந்தையார் வளர்ந்த அத்துறைமுகத்தின் உட்கரையிலே சீனன்குடா விமானத்தளம் இருக்கிறது. அங்கே வானத்தைப் பார்த்து அஞ்சும் பழக்கம் இனப்போருக்கு முந்தியது. 1942 ஏப்ரல் 9 காலை ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடாவையும் தாக்கின. அதே நாளில் மட்டக்களப்புக் கடலில் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான ஹேர்மிஸ் மூழ்கியது. 1957இல் பிரித்தானியர் தளங்களை இலங்கையிடம் ஒப்படைத்தனர். பின்னர் சீனன்குடா, விமானப்படையினர் பறக்கக் கற்கும் கல்விக்கூடமாயிற்று.

2008 ஆகஸ்ட் 26 இரவு அதே துறைமுகத்தின் மீது மீண்டும் குண்டு விழுந்தது. இம்முறை வந்தவை விடுதலைப் புலிகளின் விமானங்கள். கடற்படைத் தளத்தில் பலர் காயமடைந்தனர். புலிகள் பயன்படுத்தியது செக் நாட்டின் ஸ்லின் 143 என்று இனங்காணப்பட்டது. அதுவும் நான்கு பேர் அமர்ந்து பறக்கும் இலகு விமானம். அதன் எந்திரம் எது தெரியுமா? லைகோமிங் ஓ-540 குடும்பத்தைச் சேர்ந்தது. அலிசன் விசையாழிக்காக இத்தாலியர் எந்த எந்திரத்தை அகற்றினார்களோ, அதே குடும்பம். ஒரு தரப்பு விசையாழியோடும் மறுதரப்பு பெற்றோல் எந்திரத்தோடும் வந்தன. இரண்டுமே விடுமுறை நாளொன்றில் களிப்புடன் பறப்பதற்கென்று ஒருகாலத்தில் யாரோ வரைந்த வகை விமானங்கள்.

இன்னொரு பெயர் மயக்கத்தையும் சொல்லவேண்டும். உலகில் மிகுதியாகப் பயன்படும் டர்போபுரொப் எந்திரங்களில் ஒன்று கனடாவில் பிறந்தது, பெயர் பி.ரி.6. சீனன்குடாவில் மாணவர்கள் பறக்கும் சீனத் தயாரிப்புப் பயிற்சி விமானத்தின் பெயரும் பி.ரி.6தான். ஆனால் அதற்குள் இருப்பது விசையாழியன்று. பழைய முறைப் பெற்றோல் எந்திரம். 2023 ஆகஸ்டில் அவ்வகை விமானமொன்று சீனன்குடாவில் விழுந்து இருவர் மாண்டனர். போர் ஓய்ந்த பின்னரும் அவ்வானம் உயிர் கேட்டது.

கனடாவின் பி.ரி.6 எந்திரமும் திருகோணமலைக்கு வந்தது. 2013இல் சேவையைத் தொடங்கிய சினமன் எயர் நிறுவனத்தின் செஸ்னா கரவன் விமானங்களில் அது வந்தது. நீரிலும் நிலத்திலும் இறங்கவல்ல விமானங்கள் அவை. உல்லாசப் பயணிகள் சீனன்குடாவில் இறங்கி நிலாவெளிக்குப் போனார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் உட்துறைமுகக் கரையில் நின்றபோது அத்தகைய விமானமொன்று தாழப் பறந்து வந்தது. சிறுவர்கள் கையசைத்துக்கொண்டு ஓடினார்கள். மீன் வாங்க வந்திருந்த மூதாட்டி ஒருவர் கூடையைக் கீழே வைத்துவிட்டு, ஒலி வரும் திசையை நோக்கித் திரும்பி நின்றார். விமானம் மறையும்வரை அவர் கூடையைத் தூக்கவில்லை. எதுவும் பேசவுமில்லை.

கனடா வாசகருக்குச் சொல்ல விரும்புவது இதுதான். எஸ்.எப்.260 ரி.பி.யின் வேகத்தையும் எடையையும் எந்தக் கையேட்டிலும் காணலாம். ‘சியாமாசெட்டி’ என்பதன் பொருள் உங்கள் தந்தையாரிடம் மட்டுமே இருக்கிறது. அச்சொல்லை எங்கே கேட்டார், அப்போது பக்கத்தில் யார் இருந்தார், எந்த மரத்தடியில் படுத்தார் என்று கேட்டு, ஆண்டு குறித்து எழுதிவையுங்கள். அந்தச் சொல்லைத் திருத்தி ‘சியாய் மார்க்கெட்டி’ என்று அச்சிடுவோமா என்று அன்று ஆசிரியபீடத்தில் விவாதித்தோம். மக்கள் சொன்னபடியே விட்டுவிடுவதென்று முடிவாயிற்று. பத்திரிகையாளனாக நான் செய்த பிழைகள் பல. அதைத் திருத்தாமல் விட்டது பிழையன்று.