மருந்தைத் தின்னும் பூஞ்சாணம்



மணப்பாறைச் சீமையிலே மானாவாரிக் கடலை போடுகிறவர்களுக்கு வேரழுகல் நோயைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நன்றாக இருந்த செடி திடுதிப்பென்று வாடும். பிடுங்கினால் வேர்ப்பட்டை நார் நாராக உரியும். அதற்குத்தான் விதைக்கு மருந்து கலக்கிறோம். கலந்த மருந்து மண்ணுக்குள்ளே போய் என்ன ஆகிறது என்று யாராவது கேட்டிருக்கிறோமா?

திரம் சில வாரங்களில் சிதைந்துவிடும். கார்பெண்டசிம் அப்படியல்ல. வெறும் மண்ணில் அது பாதியாகக் குறையவே 6 முதல் 12 மாதம் ஆகலாம். அதைச் சிதைப்பது பெரும்பாலும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள்தாம். பூஞ்சாணத்தைக் கொல்லும் மருந்தைப் பூஞ்சாணமே தின்னுமா என்றால், சிலது தின்னும்.

1967இல் கனடாவில் செர்ஜெசி என்பவர் இதைச் சோதித்தார். மரம் கெடாமலிருக்கப் போடும் பென்டாகுளோரோபீனால் என்ற நஞ்சுக்கு டிரைக்கோடெர்மா பூஞ்சாணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினார். கள்ளுக்குப் பழகின ஆள் மாதிரிதான்! பழகின பூஞ்சாணம் நஞ்சையே குறைத்துவிட்டது. ஆனால் 1972இல் இன்னொன்று தெரிந்தது. நஞ்சு முழுக்க உடையவில்லை. வேறொரு குளோரின் பொருளாக உருமாறி நின்றது. அதைக் கரியமில வாயு வரைக்கும் உடைக்க, பட்ட மரத்தை வெள்ளையாக மக்கவைக்கும் பூஞ்சாணத்தால் முடியும் என்று 1988இல்தான் அமெரிக்காவில் காட்டினார்கள்.

டிரைக்கோடெர்மாவுக்குப் பெயர் வைத்தது 1794இல். அது நோய்ப் பூஞ்சாணத்தைத் தின்கிறது என்று வைண்ட்லிங் கலிபோர்னியாவில் கண்டு எழுதியது 1932இல். நம்மவர் டி.எஸ். சதாசிவன், மண்ணுக்குள் வைக்கோலை எந்தப் பூஞ்சாணத்துக்குப் பின் எந்தப் பூஞ்சாணம் மக்கவைக்கிறது என்று 1939இல் எழுதினார். பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்தில் பருத்தி வாடல் நோயை ஆராய்ந்தார். டிரைக்கோடெர்மாவை டால்க் மாவில் கலந்து விதை நேர்த்திக்குத் தரும் முறையைக் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1990களில் கொண்டுவந்தது.

"மருந்தைத் தின்கிற பூஞ்சாணம்தானே, இரண்டையும் சேர்த்தே விதையில் கலந்தால் என்ன?" என்று கேட்பீர்கள். கூடவே கூடாது. தின்பதென்பது குறைந்த அளவில், நாள்பட நடக்கிற காரியம். விதைத் தோலிலோ மருந்து கெட்டியாக ஒட்டியிருக்கும். கார்பெண்டசிம் பட்டால் டிரைக்கோடெர்மா பிழைக்காது; இரண்டுக்கும் கொடுத்த காசு வீண். ஒன்று மருந்து, இல்லையென்றால் பூஞ்சாணம்.

பூஞ்சாணம் என்று முடிவு செய்தால் கிலோ விதைக்கு 4 கிராம் போதும். நிலத்துக்கு என்றால் ஏக்கருக்கு 1 கிலோவை 20 கிலோ மக்கிய தொழு உரத்தில் கலந்து, ஈரமிருக்கும்போது தூவுங்கள். காய்ந்த செம்மண்ணில் தூவினால் வெயிலுக்கே செத்துப்போகும்.