வட அமெரிக்கக் கல்முனைகள்

வட அமெரிக்கக் கல்முனைகள் என்பவை அம்பு, எறியீட்டி, குத்தீட்டி ஆகியவற்றின் நுனியில் பொருத்துவதற்காக அக்கண்டத்தின் தொல்குடிகள் கல்லைச் சில்லுகளாகப் பெயர்த்துச் செய்த கூர்முனைகள். குறைந்தது 13,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து, ஐரோப்பியர் கொண்டுவந்த உலோகம் பரவும்வரை இவை புழக்கத்தில் இருந்தன. உழுத வயல்களிலும் ஆற்றுப் படுகைகளிலும் மழை அரித்த மேடுகளிலும் இவற்றைப் பொறுக்கிச் சேர்ப்பது அமெரிக்காவில் நெடுங்காலப் பொழுதுபோக்கு. பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் அம்புமுனை என்றே சொல்கிறார்கள். ஆனால் அங்கே வில் பரவலானது பிற்காலத்தில்தான். பழைய முனைகளில் பெரும்பாலானவை எறியீட்டிக்கோ கத்திக்கோ உரியவை.

தொழில்முறை சாராதோரின் பங்கு

இத்துறையின் இரண்டு பெரிய கண்டுபிடிப்புகள் தொல்லியலாளர் அல்லாதோரிடமிருந்து தொடங்கின. நியூ மெக்சிகோவின் ஃபோல்சம் ஊரில் 1908-இல் பெருவெள்ளம் ஓடையை அறுத்தபோது, அடிமையாகப் பிறந்து பண்ணை மேற்பார்வையாளரான ஜார்ஜ் மெக்ஜங்கின் கரையில் வெளிப்பட்ட பெரிய எலும்புகளைக் கவனித்தார். அவர் 1922-இல் இறந்தார். 1926-இல் டென்வர் அருங்காட்சியகம் அங்கு அகழத் தொடங்கியது. மறு ஆண்டு, அழிந்துபோன காட்டெருமை இனம் ஒன்றின் விலா எலும்புகளுக்கு இடையே ஒரு கல்முனை கிடைத்தது. அதை அசைக்காமல் அப்படியே விட்டு, பிற அறிஞர்களை வரவழைத்துக் காட்டினர். பனியுகத்தின் இறுதியிலேயே அமெரிக்காவில் மனிதர் வாழ்ந்தனர் என்பது அதன்பின் ஏற்கப்பட்டது. 1929-இல் அதே மாநிலத்தின் குளோவிஸ் ஊருக்கு அருகே ரிட்ஜ்லி வைட்மன் என்ற இளைஞர் கண்டெடுத்த பொருள்கள், அதைவிடப் பழைய ஒரு பண்பாட்டை நோக்கி ஆய்வாளரை இட்டுச் சென்றன.

மனிதர் செய்ததா எனக் காணுதல்

கல்லை அடித்துச் சில்லு பெயர்க்கும்போது, அடி விழுந்த இடத்துக்குக் கீழே சில்லின் உட்புறத்தில் சிறு புடைப்பு உண்டாகும். அதிலிருந்து வளைந்த வரிகள் பரவும். சில்லு பெயர்ந்த இடத்தில் ஆழமற்ற வடு எஞ்சும். கைவினைஞர் முதலில் உருண்டைக் கல்லாலும், அடுத்து மான்கொம்பாலும் அடித்து உருவமைத்து, கடைசியாகக் கொம்பின் நுனியால் விளிம்பை அழுத்திச் சிறு சில்லுகளைக் கழற்றுவார். ஆகவே முடிந்த முனையின் இரு முகங்களிலும் விளிம்பிலிருந்து நடுப்பகுதி நோக்கி வடுக்கள் ஒழுங்காக அமைந்திருக்கும். உறைபனி, வெள்ளம், கலப்பை ஆகியவற்றால் உடைந்த கல்லில் வடுக்கள் தாறுமாறாகவும், பெரும்பாலும் விளிம்போடு நின்றும் காணப்படும்.

அடிப்பகுதியின் முக்கியத்துவம்

நுனி உடையும், ஓரம் மழுங்கினால் மீண்டும் தீட்டப்படும். தண்டுக்குள் செருகி, விலங்கு நரம்பால் கட்டப்பட்ட அடிப்பகுதியோ அதிகம் மாறுவதில்லை. அதனால் வகைப்பாட்டில் முதலில் பார்க்க வேண்டியது அடிப்பகுதியைத்தான். காம்பில்லாத இலை வடிவம், காம்புள்ள வடிவம், பக்கவாட்டில் காடி வெட்டியது, மூலையில் காடி வெட்டியது, அடி இரண்டாகப் பிளந்தது, எளிய முக்கோணம் ஆகியவை முக்கியப் பிரிவுகள். அடியின் ஓரத்தை விரலால் தடவிப் பார்ப்பதும் உதவும். கட்டு அறுந்துவிடாதபடி அந்த ஓரத்தைத் தேய்த்து மழுக்கும் வழக்கம் மிகப் பழைய முனைகளில் பரவலாகக் காணப்படுகிறது.

அளவு

வில் வருவதற்கு முன் அட்லாட்டில் எனப்படும் எறிகோலால் ஈட்டி வீசினர். கண்டத்தின் கிழக்குப் பகுதியில் வில் பரவியது ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன்புதான். இரு வகை முனைகளையும் பிரித்தறிய, அருங்காட்சியகங்களில் தண்டோடு எஞ்சியிருந்த அம்புகளையும் ஈட்டிகளையும் தொல்லியலாளர் டேவிட் ஹர்ஸ்ட் தாமஸ் அளந்து 1978-இல் ஆய்வு வெளியிட்டார். பின்னர் மைக்கேல் ஷாட் 1997-இல் அதை விரிவாக்கி, தோள் அகலமே, அதாவது காம்புக்கோ காடிக்கோ மேலே முனை விரியும் இடத்தின் அகலமே, சிறந்த அளவுகோல் என்று காட்டினார். தோள் அகலம் 2 செ.மீ.க்குக் குறைவானவை பெரும்பாலும் அம்புக்குரியவை. சேகரிப்போர் ‘பறவை முனை’ என்றழைக்கும் சிறு முக்கோணங்கள் பறவைகளுக்கென்று செய்யப்பட்டவை அல்ல. மானை வீழ்த்தவும் அவை போதும்.

முக்கிய வகைகள்

குளோவிஸ்: சுமார் 13,000 ஆண்டுப் பழமை. இலை வடிவம், அடியிலிருந்து முனையின் பாதி நீளம்வரை அல்லது அதற்கும் குறைவாக ஓடும் பள்ளம்.

ஃபோல்சம்: குளோவிசுக்கு அடுத்தது. சிறியது, மெல்லியது, பள்ளம் ஏறக்குறைய முழு நீளத்துக்கும் ஓடும்.

டால்டன்: மத்திய மிசிசிப்பிப் பள்ளத்தாக்கிலும் தென்கிழக்கிலும் மிகுதி. அடி உட்குழிந்தது, ஓரம் ரம்பப் பற்கள் போலிருக்கும்.

கிர்க், லெக்ராய்: பனியுகம் முடிந்தபின் வந்த ஆர்க்காயிக் காலத்தின் முற்பகுதியைச் சேர்ந்தவை. முன்னதில் மூலைக் காடியும், பின்னதில் பிளவுபட்ட அடியும் அடையாளம்.

மேடிசன்: வில் பரவிய பின் வந்த, காடியற்ற சிறு முக்கோணம்.

கல்வகை

செர்ட், ஃப்ளின்ட், குவார்ட்ஸ், ரயோலைட், எரிமலைக் கண்ணாடியான அப்சிடியன் ஆகியவை பெரிதும் பயன்பட்டன. வடக்கு டகோட்டாவின் நைஃப் ரிவர் ஃப்ளின்ட் பழுப்பு நிறமும் ஒளி ஊடுருவும் தன்மையும் கொண்டது. டெக்சசின் அலிபேட்ஸ் கல்லில் சிவப்பும் வெள்ளையும் கலந்திருக்கும். அப்சிடியனின் தனிமங்களை எக்ஸ்-கதிர் மூலம் அளந்து, அது எந்த எரிமலைப் பாறையிலிருந்து வந்தது என்று சொல்ல முடியும். எல்லோஸ்டோன் பகுதியின் அப்சிடியன் 2,000 கி.மீ.க்கும் அப்பால் ஒகையோவில் ஹோப்வெல் பண்பாட்டினர் எழுப்பிய மண்மேடுகளில் கிடைத்துள்ளது.

காலக்கணிப்பு

கரிமக் கணிப்பு கல்லுக்குச் செல்லாது. அதே மண்ணடுக்கில் கிடைக்கும் கரி, எலும்பு ஆகியவற்றுக்கே செல்லும். எனவே மேற்பரப்பில் எடுத்த முனையின் காலம், அகழ்ந்த அடுக்குகளில் கிடைத்த முனைகளோடு ஒப்பிட்டே ஊகிக்கப்படுகிறது. இவ்வகையில் வட கரோலைனாவில் அகழ்ந்த தொல்லியலாளர் ஜாஃப்ரி கோ 1964-இல் வெளியிட்ட அடுக்கு வரிசை கிழக்குப் பகுதிக்கு அடித்தளமாயிற்று.

தவறும் இடங்கள்

திரும்பத் திரும்பத் தீட்டியதால் அகன்ற முனை குறுகி, வேறு வகையாகத் தோன்றலாம். தொல்லியலாளர் ஜார்ஜ் ஃபிரிசனின் பெயரால் இதை ‘ஃபிரிசன் விளைவு’ என்பர். டால்டன் முனைகள் சில கடைசியில் துளையிடும் கருவிகளாகவே ஆகியிருக்கின்றன. முற்காலத்து முனையைப் பிற்காலத்தவர் எடுத்துப் பயன்படுத்தியதும் உண்டு. கல் செதுக்குவது இன்றும் பலர் பயிலும் கலை என்பதால் போலிகளும் சந்தையில் உள்ளன. எல்லா வடுக்களும் ஒரே புத்தம்புது நிறத்தில் இருப்பது, இயந்திரத்தால் அறுத்த தட்டையான பரப்பு, செப்புக் கருவி விட்ட உலோகக் கறை, அப்பகுதிக்குத் தொடர்பில்லாத கல் ஆகியவை சந்தேகத்துக்குரிய குறிகள்.

சட்டமும் பதிவும்

1979-இன் தொல்லியல் வளப் பாதுகாப்புச் சட்டம், கூட்டரசு நிலத்திலும் பழங்குடி நிலத்திலும் 100 ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருள்களை அனுமதியின்றி எடுப்பதைத் தடுக்கிறது. தரைமேல் கிடக்கும் அம்புமுனைக்கு அச்சட்டத்தின் தண்டனை பொருந்தாது. ஆயினும் தேசியப் பூங்கா போன்ற இடங்களில் வேறு விதிகள் அதையும் தடுக்கின்றன. தனியார் நிலத்தில் உரிமையாளரின் இசைவு வேண்டும். மாநிலச் சட்டங்கள் ஒன்றுக்கொன்று வேறுபடும்.

கண்டெடுத்த இடத்தை வரைபடத்தில் குறித்து, அளவுகோலோடு படமெடுத்து, ஒவ்வொரு முனைக்கும் எண் இட்டு வைப்பது சேகரிப்போரின் முதற்கடமை. இடம் தெரியாத முனைக்கு வகைப்பெயர் மட்டுமே கிடைக்கும். அங்கு யார், எப்போது வாழ்ந்தார்கள் என்பதற்கு அது சான்றாகாது. முனையோடு எலும்போ கரியோ மண்ணுக்குள் தென்பட்டால் தோண்டாமல் விட்டு, மாநிலத் தொல்லியல் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.