தாயை நிறுத்தினேன், பிள்ளைகள் நிற்கவில்லை

நான் வங்கியில் சேர்ந்த காலத்தில் எல்லாம் லெட்ஜர்தான். எண்பதுகளின் கடைசியில் எங்கள் கிளைக்கு யுனிக்ஸ் கம்ப்யூட்டர் ஒன்று வந்தது. பத்து நாள் பயிற்சி கொடுத்து என்னை அதன் முன்னால் உட்கார வைத்தார்கள்.

அன்று அரையாண்டு வட்டி போடும் இரவு. அந்த வேலைக்குப் பிரதான புரோகிராம் ஒன்று உண்டு. அது தனக்குக் கீழே நான்கு பேரைக் கிளப்பிவிட்டு, சேமிப்புக் கணக்குகளை ஆளுக்கு ஒரு பங்காகப் பிரித்துக் கொடுக்கும். நடுநிசி தாண்டியும் திரையில் அசைவே இல்லை. தொங்கிவிட்டது என்று நானே முடிவு கட்டி, பயிற்சியில் பக்கத்தில் இருந்தவர் ரகசியமாகச் சொல்லிக்கொடுத்த கட்டளையை அடித்தேன்: கில் -9. பிரதான புரோகிராம் போய்விட்டது. மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டு, ஃபிளாஸ்கில் இருந்த காப்பியைக் குடித்தேன்.

விடிந்து பார்த்தால் நூற்றுக்கணக்கான கணக்குகளில் வட்டி இரண்டு தடவை ஏறியிருக்கிறது!

புரோகிராம் எழுதிக்கொடுத்த கம்பெனியிலிருந்து ஒரு பையன் வந்தார். ஐந்து நிமிடம் திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், நீங்க தாயை மட்டும்தான் நிறுத்தியிருக்கீங்க. பிள்ளைங்க அதுபாட்டுக்கு வேலை பார்த்துக்கிட்டே இருந்திருக்கு."

தாய், பிள்ளை என்று அவர் கேலிக்குச் சொல்கிறார் என்றே நினைத்தேன். யுனிக்ஸில் அதுதான் அதிகாரப்பூர்வமான பேச்சு என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வேலை இரண்டாகக் கிளைப்பது, கிளைத்தவை பின்னால் ஒன்றுகூடுவது என்ற யோசனையை 1963-ல் மெல்வின் கான்வே என்பவர் ஒரு கட்டுரையில் எழுதினார். பெர்க்லி பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டரில் அது நடைமுறைக்கு வந்தது. அங்கிருந்துதான் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருந்த கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் எடுத்துக்கொண்டார்கள். 1969-ல் தாம்ஸன் யுனிக்ஸைத் தொடங்கியது பிடிபி-7 என்ற பழைய இயந்திரத்தில். அதில் ஃபோர்க் என்ற கட்டளையைச் சேர்க்க 27 வரிகள்தான் தேவைப்பட்டன என்று ரிட்சி எழுதியிருக்கிறார். ஒரு ப்ராசஸ் தன்னையே நகல் எடுத்து ஒரு பிள்ளையை உண்டாக்கும். பிள்ளை வேலையைச் செய்யும், தாய் காத்திருக்கும்.

சேர்த்த கையோடு ஒரு கோளாறு. ஒரு டைரக்டரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் கட்டளை திடீரென்று வேலை செய்யவில்லை. எழுதியதை எல்லாம் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தார்களாம். விஷயம் என்னவென்றால், இப்போது அந்தக் கட்டளையையும் ஒரு பிள்ளைதான் நிறைவேற்றியது. பிள்ளை ஒழுங்காக இடம் மாறியது, வேலை முடிந்ததென்று மறைந்தும் போனது. தாய் இருந்த இடத்திலேயே இருந்தது! கடைசியில் அந்த ஒரு வேலையை மட்டும் தாயே செய்யும்படி மாற்றினார்கள். அவ்வளவு பெரிய மேதைகளே தாய் பிள்ளை விவகாரத்தில் தடுமாறியிருக்கிறார்கள் என்று படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது.

பிள்ளை வேலையை முடித்துவிட்டால் தாய் அதன் முடிவைக் கேட்டு வாங்க வேண்டும். வாங்காத வரை இறந்த பிள்ளையின் பெயர் பட்டியலிலேயே நிற்கும், ரேஷன் கார்டில் இறந்தவர் பெயர் நிற்பதுபோல. இதற்கு ஜோம்பி என்று பெயர். தாய் முந்திக்கொண்டால் பிள்ளைகள் அநாதை. அவற்றை இனிட் என்ற ஒன்றாம் நம்பர் ப்ராசஸ் தத்தெடுத்துக்கொள்ளும். கம்ப்யூட்டரை இயக்கியதும் முதலில் எழுந்திருப்பது அதுதான். தத்தெடுக்குமே தவிர, வேலையை நிறுத்தச் சொல்லாது. எங்கள் நான்கு பிள்ளைகளும் அன்றிரவு இனிட்டின் நிழலில் வட்டி போட்டுக்கொண்டிருந்தன. நான் இரண்டாவது முறை கிளப்பிய நான்கும் அதே கணக்குகளில் போட்டன.

கில் என்ற பெயரே சரியில்லை என்பது என் கட்சி. அது கொல்வதில்லை, சிக்னல் அனுப்புகிறது. எண் எதுவும் கொடுக்காமல் அடித்தால் போவது 15-ஆம் சிக்னல். 1979-ல் வந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே அப்படித்தான். 15 என்பது, "நேரமாகிவிட்டது, மூட்டை கட்டு" என்பது போல. அது வந்தால் என்ன செய்வது என்று புரோகிராம் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளலாம். 9 வந்தால் ஒன்றும் செய்ய முடியாது, அந்த நொடியே முடிந்தது. எங்கள் வட்டி புரோகிராமில் 15-க்கு ஏற்பாடு இருந்தது. பிள்ளைகளுக்குச் சொல்லி நிறுத்தி, யார் எந்தக் கணக்குவரை வந்தார் என்று குறித்துவைத்துவிட்டுத்தான் தாய் போகும். நான் அதற்கு வாய்ப்பே கொடுக்கவில்லை. அது தொங்கவும் இல்லையாம், மெதுவாக ஓடியிருக்கிறது.

முந்தின நாள் மாலை எடுத்த டேப்பிலிருந்து எல்லாவற்றையும் மீட்டு, வட்டியைத் திரும்பப் போட்டு முடிக்கப் பிற்பகல் ஆகிவிட்டது. அதுவரை பணம் எடுக்க வந்த பென்ஷன்காரர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

மறுநாள் மெமோ வந்தது. நடந்ததை நடந்தபடி அரைப் பக்கம் டைப் அடித்துக் கொடுத்தேன். மேனேஜர் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "தாய், பிள்ளை, அநாதைன்னு எழுதியிருக்கீங்களே, இதை ரீஜனல் ஆபீஸுக்கு அனுப்பினா என்ன சார் நினைப்பாங்க?" என்றார். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, "என் கவனக்குறைவால்" என்று ஒரே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.