வசந்தத்தின் முதற் குறிகள்: பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில இயற்கைக் குறிப்பேடுகள் பற்றிய ஒரு நோக்கு

வரலாற்று மூலங்கள் எனும்போது சாசனமும் நிலவரி ஏடும் அரசாங்கக் கடிதமும் நினைவுக்கு வருதல் இயல்பு. ஒரு கிராமத்துத் துணைக்குரு மார்ச்சு மாதக் காலைப்பொழுதில் வேலியோரமாக நடந்துசென்று, அன்று எப்பறவை பாடிற்று, எவ்வண்ணத்துப்பூச்சி பறந்தது, எவ்வூர்வன வெயில் காய்ந்தது எனக் குறித்துவைத்த தாள்களை மூலமெனக் கொள்வோர் சிலரே. ஆயினும் இங்கிலாந்தின் இயற்கை வரலாற்றிற் பெருவிவாதம் ஒன்று இத்தகைய தாள்களை ஒட்டியே நிகழ்ந்தது. இன்று உலகின் காலநிலை மாற்றத்தை அளக்க முற்படுவோரும் இவற்றையே தேடிச் செல்கின்றனர்.

பறவையும் பாம்பும் வண்ணத்துப்பூச்சியும் ஆண்டு முழுவதும் கண்ணிற்படும் நாட்டிலே வாழ்வோர்க்கு வசந்தத்தின் முதல் நாள்கள் ஆங்கிலேயர்க்கு எத்தகையனவென உணர்தல் எளிதன்று. குளிர்காலத்தில் அங்கு ஊர்வன யாவும் மண்ணுள்ளும் வேரிடுக்கிலும் ஒடுங்கிவிடும். சூழலின் வெப்பத்தாலேயே உடல் வெப்பம் பெறுவன ஆதலின், அவை வெளிப்படுதற்கு வெயில் வேண்டும். பெப்ரவரி இறுதியிலும் மார்ச்சிலும் விரியன் பாம்பின் ஆண்கள் முதலில் வெளிவந்து தென்புறச் சரிவுகளிற் சுருண்டு கிடக்கும். கந்தகமஞ்சள் நிற வண்ணத்துப்பூச்சி முழுவளர்ச்சியுற்ற நிலையிலேயே குளிர்காலத்தைக் கழிப்பதாகலின், முதல் இளவெயிலிலேயே பறக்கவல்லது. பறவைகளுட் பல தென்திசையிலிருந்து மீள்வன. மூன்றும் ஏறக்குறைய ஒரே காலத்துத் தோன்றினும் அவற்றின் காரணங்கள் வேறு வேறானவை. பதினெட்டாம் நூற்றாண்டின் இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகின்றது. ஆமையும் விரியனும் மண்ணிலிருந்து எழுகின்றனவெனின் தகைவிலான் குருவி மட்டும் வேறிடத்திலிருந்து வருதல் வேண்டுமா?

இவ்வினாவுடன் வாழ்நாள் முழுதும் மல்லாடியவர் கில்பேட் வைற். ஹம்ப்சயர் மாவட்டத்துச் செல்போர்ன் கிராமத்தில் 1720இற் பிறந்து, ஒக்ஸ்போட்டில் கற்று, ஊர் மீண்டு, 1793இல் அங்கேயே மறைந்தவர். அவர் எழுதிய செல்போர்ன் இயற்கை வரலாறு 1789ஆம் ஆண்டினதாக வெளிவந்தது. அந்நூல் தோமஸ் பென்னன்ற், டெயின்ஸ் பாரிங்ரன் ஆகிய இருவர்க்கும் எழுதிய கடிதங்களின் வடிவில் அமைந்தது. பென்னன்ற் விலங்கியல் நூலாசிரியர், பாரிங்ரன் சட்டத்துறையினர். (இலங்கையில் 1752 முதல் 1757 வரை ஒல்லாந்தத் தேசாதிபதியாக இருந்த லோட்டன் வரைவித்துக் கொண்டுசென்ற பறவைப் படங்கள் சிலவற்றை 1769இல் தம் நூலொன்றிற் பதிப்பித்தவரும் இப் பென்னன்றே.) பாரிங்ரன் வகுத்த அச்சுப் படிவத்தில், காற்று, வெப்பமானி, பாரமானி, மரந்தளிர்த்தல், பூப்பூத்தல், பறவையும் பூச்சியும் தோன்றுதல் மறைதல் என வரிசைக்கு வரிசை வைற் நாள்தோறும் நிரப்பலானார். 1768இல் தொடங்கிய அப்பணி அவர் இறக்கும் ஆண்டுவரை நீடித்தது.

படிவம் ஒரு சிறு விடயமாகத் தோன்றலாம். உண்மையில் அதுவே முறையியல். வெற்றிடம் விடப்பட்ட கட்டம் நிரப்புமாறு தூண்டுகின்றது. சென்ற ஆண்டின் கட்டம் இவ்வாண்டினதனோடு ஒப்பிடுமாறு தூண்டுகின்றது. செத்த பறவையின் தோலை மேசையிலிட்டு இனம்பிரித்த காலத்தில், உயிருள்ள பறவையை அதன் குரலாற் பிரித்தறிய வைற்றால் இயன்றமைக்கு இந்த நாள்வழிப் பழக்கமே காரணமெனலாம். ஒன்றெனக் கருதப்பட்ட கதிர்க்குருவிகளை மூன்று தனியினங்களென அவர் 1768இல் நிறுவினார். ஒன்று இரண்டு சுரங்களை மாறிமாறி ஒலித்து மார்ச்சிலேயே வந்துவிடும். ஒன்று இனிமையாக இறங்கிவரும் பாட்டினது. மற்றையது உயர்ந்த பீச் மர உச்சியிலிருந்து நடுங்குங் குரலெழுப்புவது. இவை இன்றும் மூன்று இனங்களாகவே கொள்ளப்படுகின்றன.

ஊர்வனவற்றில் அவரது கவனம் பரந்ததன்று. பாண்ஹம் என்னும் ஊரின் அருகே வெயில்படு மணற்கரைகளிற் பச்சைநிறப் பல்லிகளை முன்னொருகாற் கண்டதாகப் பென்னன்றுக்கு எழுதினார். அவை வசந்தத்திற் பச்சைநிறங் கொள்ளும் மணற்பல்லியின் ஆண்களாதல் வேண்டும். ஆனால் ஓர் ஊர்வனவை மட்டும் அவர் எவரும் நோக்காதவாறு நோக்கினார். சசெக்சில் அவர்தம் அத்தையின் தோட்டத்தில் வளர்ந்த நில ஆமையே அது. 1780 மார்ச்சில் அதனைத் துயிலிடத்திலிருந்து தோண்டியெடுத்து, மண்பெட்டியிலிட்டு, வாடகைக் குதிரை வண்டியில் ஏறத்தாழ 80 மைல் கொண்டுவந்தார். வண்டியின் அதிர்ச்சியால் விழித்த ஆமை தோட்டத்தில் இருமுறை நடந்துவிட்டு, மாலையிற் குளிர் மிகவே மீண்டும் மண்ணுட் புகுந்தது. திமோதி என ஆண்பெயர் பெற்ற அது பெண்ணே என்பது அதன் மறைவுக்குப் பின்னரே தெளிவாயிற்று. ஓடு இன்று இலண்டன் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் உள்ளது. வைற் அது மண்ணுட் புகும் நாளையும் வெளிவரும் நாளையும் ஆண்டுதோறும் குறித்தார். அது வெளிவரும் ஏப்ரில் நடுப்பகுதியே தகைவிலான்கள் தோன்றுங் காலமுமாகும். கண்முன்னே ஓர் உயிர் மண்ணிலிருந்து எழக் கண்டவர் குருவியும் அவ்வாறே எழுமென ஐயுற்றதில் வியப்பில்லை.

அவருடன் கடிதத் தொடர்பு கொண்டோரும் எதிரெதிர் அணியினர். பென்னன்ற் வலசையை ஏற்றவர். பாரிங்ரன் 1772இல் அதனை மறுத்து எழுதியவர். இலினேயசு போன்ற பேரறிஞரே தகைவிலான்கள் நீருள் ஒடுங்குமென நம்பினார். வைற்றின் தம்பி ஜோன், ஜிப்ரோல்ற்றரில் மதகுருவாக இருந்தபோது, பறவைகள் நீரிணையைக் கடக்கக் கண்டு எழுதினார். அதனை ஏற்ற வைற், பிந்திப் பறக்கும் சில குருவிகளேனும் உள்ளூரிலேயே ஒடுங்குகின்றன என்னும் எண்ணத்தைக் கைவிட்டாரல்லர். 1781 ஏப்ரிலில் ஊர்க் குன்றின் புதர்களையும் பொந்துகளையும் ஆராய இரு கூலியாள்களை ஏவினார். அவர்கள் தேடிக்கொண்டிருக்கையிலேயே தகைவிலான் இனத்ததாகிய மார்ட்டின் ஒன்று தெருவழியே பறந்துவந்து ஒரு வீட்டின் இறவாரக் கூட்டினுட் புகுந்தது. அவ்விருவரும் கலைத்தமையாலோ அது வெளிவந்தது என்று குறிப்பேட்டில் வினவினார். எதையுங் காணாமையைத் தோல்வியென ஒப்புக்கொள்ளாது, காட்சியையே கொள்கைக்குச் சான்றாக வளைக்கும் மனப்பாங்கு இதிலே தென்படுகின்றது. எனினும் அவர் அதை வினாவாகவே விட்டுச்சென்றார். நாளையும் பிழையின்றிக் குறித்தார். ஆகவே முடிவு வழுவியபோதும் தரவு வழுவவில்லை.

வினாவுக்கு விடை ஒரு சிறு வளையத்தில் வந்தது. 1911 மே மாதத்தில் இங்கிலாந்தின் ஸ்ரபோட்சயரிற் காலில் வளையமிடப்பட்ட தகைவிலான் ஒன்று 1912 டிசம்பரில் தென்னாபிரிக்காவின் நேற்றாலிற் பிடிபட்டது.

வைற்றினும் நீண்ட தொடரை விட்டுச்சென்றவர் றொபேட் மார்ஷம் என்னும் நிலவுடைமையாளர். நோர்போக் மாவட்டத்தில் 1736இல் தொடங்கி, பனித்துளிப் பூ மலர்தல், தவளையும் தேரையும் கத்துதல், மஞ்சள் வண்ணத்துப்பூச்சி தோன்றுதல், தகைவிலான் வருதல், குயில் கூவுதல், ஓக் தளிர்த்தல் முதலாக 27 குறிகளை அவர் பதிந்தார். 1789இல் வேத்தியற் கழகம் அதனை வெளியிட்டது. வைற்றின் நூலைப் படித்த அம்முதியவர் அவருக்குக் கடிதம் எழுதினார். வைற் மறையும்வரை அத்தொடர்பு நீடித்தது. மார்ஷமின் வழித்தோன்றல்கள் 1958 வரை பதிவைத் தொடர்ந்தனர்.

இம்மூலங்களைக் கையாளுவோர் சிலவற்றை மனங்கொள்ளல் வேண்டும். பிரித்தானியா 1752இல் நாட்காட்டியை மாற்றியபோது 11 நாள்கள் கழிந்தன. எனவே அதற்கு முந்திய திகதி எக்கணக்கின்படி எழுதப்பட்டதென முதலிற் கேட்டல் வேண்டும். நோக்குநர் எத்தனை நாள் வெளியே சென்றார், கண்பார்வையும் செவிப்புலனும் முதுமையில் எவ்வாறிருந்தன என்பனவும் ‘முதல் நாளை’ மாற்றவல்லன. கேட்டதெல்லாம் பறவையுமன்று. 1913 பெப்ரவரியில், வழமைக்கு மிக முன்னரே குயிலொலி கேட்டதாக றிச்சட் லிடெக்கர் என்னும் விலங்கியலறிஞர் இலண்டன் ‘டைம்ஸ்’ பத்திரிகைக்கு எழுதினார். சில நாள்களில், கூவியவர் மேசனுக்குக் கையாளாக நின்ற ஒரு தொழிலாளி என அவரே மறுத்தெழுத நேர்ந்தது. அவ்விளம்பரம் இல்லாத எத்தனை போலிக் குயில்கள் ஏடுகளில் உள்ளனவோ! கூலியாளும் பணியாளரும் சிறுவரும் கொண்டுவந்த செய்திகளாலேயே கனவான்களின் குறிப்பேடுகள் பல நிரம்பின என்பதும் மறத்தற்குரியதன்று. ஏட்டின் முகப்பில் ஒரு பெயரே உண்டு.

தனியொரு பதிவின் பிழை, ஆயிரக்கணக்கான பதிவுகளைச் சேர்த்து நோக்குமிடத்து வலுக்குன்றும். மார்ஷம் தொடரின் 1736 முதல் 1947 வரையான பகுதியை 1995இல் ஆய்வாளர் பகுத்து, குளிர்கால, இளவேனில் வெப்பநிலைகளோடு அக்குறிகள் எவ்வாறு இணைந்து நகர்ந்தன எனக் காட்டினர். 1753இலிருந்து பிரித்தானியாவிற் குறிக்கப்பட்ட 406 தாவர இனங்களின் முதற்பூக்கும் நாள்களைத் திரட்டிய 2022ஆம் ஆண்டு ஆய்வொன்று, 1987 முதல் 2019 வரையான காலத்தில் அவை 1986க்கு முந்தியவற்றினும் சராசரி ஒரு மாதம் முந்தியிருப்பதைக் கண்டது.