உண்ணிக்கொக்கு: சொல்லும் பறவையும்

உண்ணிக்கொக்கு மாட்டின் உண்ணிகளைப் பொறுக்கித் தின்பதால் அப்பெயர் பெற்றது என்ற விளக்கம் பள்ளிக் குறிப்புகள் வரை பரவியிருக்கிறது. பறவையின் வாழ்வு இவ்விளக்கத்துக்கு இடம் தரவில்லை.

கொக்கு என்றதும் தமிழ் நூல்கள் காட்டுவது நீர்க்கரையில் மீனுக்காகக் காத்திருக்கும் பறவையை. குறளும் மூதுரையும் அந்தக் காத்திருப்பையே உவமையாக்கின. மேய்ச்சல் நிலத்தில் மாட்டோடு நடக்கும் கொக்குக்கு அடைமொழி தேவைப்பட்டது இதனால்தான்.

அடைமொழியாகிய உண்ணி, ‘உண்’ என்னும் வினையடியில் பிறந்தது. ஊனுண்ணி, புல்லுண்ணி என்பவற்றில் உண்ணப்படும் பொருள் முன்னே நிற்கிறது. தனித்து நின்றால் உண்ணி என்பது கால்நடையின் குருதி குடிக்கும் சிற்றுயிரே. ‘உண்கின்ற கொக்கு’ என்பார் கூற்று நில்லாது. உண்ணாத கொக்கு இல்லை. உண்ணியைத் தின்னும் கொக்கு என்பதற்குக் ககரம் மிகுந்ததும் சான்றாகாது. வேற்றுமைத் தொகையிலும் பண்புத்தொகையிலும் உவமைத்தொகையிலும் அது மிகும். உண்ணி என்ற சொல் இருப்பதாலேயே தின்னுதல் பொருளாகிவிடாது: உண்ணிச்செடி உண்ணியைத் தின்பதில்லை. பாலுண்ணி என்னும் மரு எதையும் உண்பதில்லை, தோலோடு ஒட்டியிருக்கிறது.

இனிப் பறவை. மேயும் மாட்டின் வாயருகிலும் முன்னங்கால் அருகிலும் அது நடக்கிறது. குளம்பு பட்டுப் புல்லிலிருந்து வெட்டுக்கிளி எழும்பியதும் கழுத்தை நீட்டிக் கவ்வுகிறது. வெட்டுக்கிளி, சிள்வண்டு, ஈ, தவளை ஆகியவையே அதன் முதன்மை உணவு, உண்ணி சிறுபங்கே. மாட்டோடு செல்லும் கொக்கு குறைந்த நடையில் கூடுதல் இரை பெறுவதை ஹரால்ட் ஹீட்வோல் 1965-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. உழும் டிராக்டரின் பின்னாலும் இக்கொக்குகள் கூட்டமாகச் செல்கின்றன. டிராக்டரில் உண்ணி ஏது? கொக்குக்கு நன்மை, மாட்டுக்குப் பெரிய நன்மையோ தீமையோ இல்லை. 1870-களில் பெல்ஜிய விலங்கியலார் வான் பெனெடன் விரித்துரைத்த உடனுண்ணல் இதுவே.

பிற பெயர்களும் மாட்டோடுள்ள உறவைத்தான் சுட்டுகின்றன. மலையாளத்தில் காலிமுண்டி, காலி என்பது கால்நடை. அறிவியற்பெயரின் முதற்பகுதியாக நெடுங்காலம் வழங்கிய ‘புபுல்கஸ்’ இலத்தீனில் மாட்டுக்காரனைக் குறிக்கும். தமிழிலும் மாட்டுக்கொக்கு என்ற வழக்கு உண்டு.

ஆகவே உண்ணிக்கொக்கு என்பதை உவமைத்தொகையாக, உண்ணிபோல் மாட்டை விட்டகலாத கொக்கு என விரிப்பதே சொல்லுக்கும் பறவைக்கும் பொருந்தும்.